ஒரு விசில் என்றால் நலம்

வெர்ல் விசிலை ஒரு முறைதான் ஊதினார். கேட்டதோ மூன்று முறை.

முதலாவது அவர் உதட்டிலிருந்து புறப்பட்டது. ஒரு மூச்சு இழுக்கும் நேரம் கழித்து, செம்பாறைப் பிளவின் உள்ளிருந்து ஒன்று வந்தது. அது அடங்கும்போதே இன்னொன்றும் வந்தது. அதற்குப் பிறகு காட்டன்வுட் மரங்களின் புதுத் தளிர்கள் உரசும் சத்தமும், மேலே எங்கோ ஒரு சின்னக் குருவி மணிகளைப் படிக்கட்டில் உருட்டிவிட்டதுபோல் இறங்கி இறங்கிப் பாடுவதும் மட்டும்தான் இருந்தன.

"கேட்டியா, ஜென்?" வெர்ல் தொப்பியைக் கழற்றினார். "ஒண்ணு ஊதினா மூணு. நான் சொன்னேன்ல. ஷெரிப்கிட்டயும் இதைத்தானே சொன்னேன். ஒண்ணு அவன், மிச்சம் ரெண்டு சுவர்."

பேசிக்கொண்டே மணலில் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் தோள்கள் குலுங்கத் தொடங்கின. முப்பது ஆண்டு மண வாழ்க்கையில் அவர் அழுது ஜெனலி பார்த்தது சில முறைதான். சென்ற வசந்தத்தில், தேடுதல் குழு கயிறுகளைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிய அன்றுகூட அவர் அழவில்லை. வண்டியில் ஏறி, வீடு வரைக்கும் ரேடியோவைப் போடாமல் ஓட்டினார்.

ஜெனலி அவர் முதுகில் கை வைத்தாள். தனக்கும் மனசு லேசாக வேண்டும் என்று காத்திருந்தாள். ஆகவில்லை. காதுக்குள் ஏதோ ஒன்று மணல் துகள்போல் உறுத்திக்கொண்டிருந்தது.

சென்ற ஆண்டு இதே மாதத்தில் மூவரும் நடக்க வந்தார்கள். ஜெனலிக்குக் கணுக்கால் பிசகியிருந்ததால் அவள் கூடாரத்திலேயே இருந்துவிட்டாள். அவர்கள் மகன் டாலின் இந்தப் பிளவுக்குள் தனியாகப் போனான். வெர்ல் வாசலில், இதே மரத்தடியில், ரொட்டியைப் பிரித்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். இந்தப் பக்கம் நடக்கிற எல்லோருக்கும் தெரிந்த ஏற்பாடு ஒன்று உண்டு. ஒரு விசில் என்றால் நலம், இங்கேதான் இருக்கிறேன். மூன்று என்றால் உதவி. உள்ளேயிருந்து மூன்று கேட்டது. இந்தப் பாறை நாட்டில் கை தட்டினாலே திரும்பக் கேட்கும் என்பதால், ஒன்றுதான் மூன்றாகக் கேட்கிறது என்று வெர்ல் எடுத்துக்கொண்டார். பதிலுக்கு ஒன்று ஊதினார். நலம். மறுபடி மூன்று கேட்டது. மறுபடி ஒன்று ஊதினார். அப்படியே கொஞ்ச நேரம் அப்பாவும் பிள்ளையும் விளையாட்டாகப் பேசிக்கொண்டதாகத்தான் அவர் நினைத்தார். பிறகு வெள்ளம் வந்தது.

உடல் கிடைக்கவில்லை. வெள்ளம் கொண்டுவந்து கொட்டிய மணல் ஆள் உயரத்துக்கு இருந்தது. சபைப் பெண்கள் வெண்ணெயும் சீஸும் போட்டு வேகவைத்த உருளைக்கிழங்கைத் தட்டுத் தட்டாகக் கொண்டுவந்தார்கள். சவப்பெட்டி இல்லாத சாவு வீட்டில் அதை எங்கே வைப்பது என்று யாருக்கும் தெரியவில்லை.

அதற்குப் பிறகு ஓராண்டு இருவரும் ஒரே மேசையில் சாப்பிட்டார்கள். அந்த மூன்றும் எதிரொலிதானா என்ற கேள்வியை ஜெனலி கேட்கவில்லை. வெர்ல் அதற்குப் பதில் சொல்லவும் இல்லை. போய்சி நகரில் அவள் தங்கை ஒரு அறையைத் தயாராக வைத்திருந்தாள். போன மாதம் வெர்ல் தானாகவே சொன்னார்: "வா, போய் ஊதிப் பாத்துடுவோம். மூணா வரலைன்னா நீ உன் தங்கச்சி வீட்டுக்குப் போ. நான் தடுக்க மாட்டேன்."

இப்போது மூன்றாக வந்துவிட்டது. அறை தேவையில்லை. வீட்டுக்குப் போகலாம்.

"இன்னொரு தடவை ஊதேன்" என்றாள் ஜெனலி.

"எதுக்கு?"

"சும்மாதான்."

"ஆடிஷன் வைக்கிறியா?" மூக்கைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "உன் பேண்ட் வாத்தியக் குழுவுல என்னை எடுத்துக்க மாட்டேன்னு அன்னைக்கே சொல்லிட்டியே."

ஊதினார். ஒன்று. உள்ளிருந்து ஒன்று. இன்னொன்று.

இம்முறை அவளுக்குப் பிடிபட்டது. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பேண்ட் வாத்திய வகுப்பு எடுப்பவள் அவள். அறுபது பிள்ளைகள் ஒன்றாக ஊதும்போது எந்தக் கிளாரினெட்டில் சீவாளி காய்ந்துவிட்டது என்று சொல்லக்கூடிய காது. காலையில் பூங்கா அலுவலகத்தில் அனுமதிச் சீட்டு கொடுத்த ரேஞ்சர் கெய்லீன்கூட அவளிடம் படித்தவள்தான். "மிசஸ் ஒல்சன், என் கிளாரினெட்டை இன்னும் மன்னிக்கலையா?" என்று கேட்டாள். "கிளாரினெட் உன்னை மன்னிச்சா நானும் மன்னிக்கிறேன்" என்றாள் ஜெனலி. கெய்லீன் சிரித்தாள். சீட்டில் பிளவின் பெயரைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினாள். "வாசலோட நின்னுக்கோங்க. மேட்டு மேல மேகம் தெரிஞ்சா உடனே கிளம்பிடுங்க, என்ன?"

வெர்லின் விசில் பழைய மாதிரி. அதற்குள் ஒரு சின்னத் தக்கை உருண்டை இருக்கும். ஊதும்போது காற்று உள்ளே சுழலும், உருண்டையும் கூடவே சுழன்று, காற்று வெளியேறும் வாயை மூடி மூடித் திறக்கும். அதனால்தான் அந்த ஒலியில் 'கிர்ர்ர்' என்று ஒரு நடுக்கம். உள்ளிருந்து வந்த இரண்டு ஒலிகளிலும் அந்த நடுக்கம் இல்லை. இழுத்துக் கட்டிய கம்பிபோல் நேராக, வழவழப்பாக இருந்தன.

எதிரொலி என்பது சுவர் திருப்பி எறிகிற பந்து. சுவர் பந்தை மெதுவாக எறியலாம், தாமதமாக எறியலாம். பந்தை வேறு பந்தாக மாற்றி எறிய முடியாது.

அவள் சுற்றிலும் பார்த்தாள். எதிரொலிக்குக் கொஞ்சம் எட்டி நிற்கிற, அகலமான, கெட்டியான ஒரு முகம் வேண்டும். முதுகுப் பக்கம் வறண்ட ஆறு. மணலும் வில்லோப் புதரும் மரங்களும். எல்லாம் சத்தத்தைக் குடித்துவிடுகிற மெத்தைகள். எதிரே பிளவு. ஒரு ஆள் தோளைச் சாய்த்துத்தான் நுழைய முடியும். உள்ளே போன உடனேயே வலப்பக்கம் திரும்பிவிடுகிறது. உள்ளே போகிற ஒலி அந்தத் திருப்பத்தில் மோதி, அடுத்ததில் மோதி, பொடிப்பொடியாகிவிடும். திரும்பி வராது.

ஆனால் வந்தது.

"வெர்ல், எந்தச் சுவர்ல பட்டு வருது?"

அவர் முகம் மாறியதை அவள் பார்த்தாள். பையிலிருந்து எடுத்த ரொட்டியைப் பிரித்துக்கொண்டிருந்த கை நின்றது.

"உள்ள எங்கயாவது அறை மாதிரி விரிஞ்சிருக்கும். மூணு வந்துச்சு, ஜென். உன் காதாலயே கேட்ட. அது போதாதா?"

போதும் என்று சொல்லத்தான் அவள் விரும்பினாள். அந்த அறை உள்ளே இருக்கட்டும் என்றும் விரும்பினாள். வட்டமான, வழவழப்பான பெரிய அறை. நடுக்கத்தைத் தேய்த்து நேராக்கிவிடுகிற ஏதோ ஒரு வளைவு. அதைக் கண்ணால் பார்த்துவிட்டால் இந்த மனிதரோடு மிச்ச வாழ்க்கையை வாழ்ந்துவிடலாம்.

"நான் போய்ப் பாத்துட்டு வந்துடறேன். ரெண்டு மூணு திருப்பம்தான்."

வெர்ல் வானத்தைப் பார்த்தார். தலைக்கு மேல் நீலம். மேற்கே, மேட்டுக்கும் அப்பால், சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு வெள்ளை மேகம். "என் முட்டி உள்ள மடங்காது" என்றார். முட்டி மட்டும் காரணமில்லை என்று இருவருக்கும் தெரியும். "அறை இருந்தா அங்கயே நின்னு ஒண்ணு ஊது. இங்க மூணா கேட்டுடும், கணக்கு முடிஞ்சுது. நான் பதிலுக்கு ஒண்ணு ஊதறேன். இந்த ஆமை நடைல இருட்டுறதுக்குள்ள வந்துடுவியா?"

"அந்த ஜெர்க்கி உப்புக்கறியை முழுக்கத் தின்னுடாத. அதுக்காகவாவது வருவேன்."

முதுகுப்பையின் மார்புப் பட்டையைப் பூட்டினாள். அந்தப் பூட்டிலேயே ஒரு சின்ன விசில் உண்டு. இப்போது எல்லாப் பைகளிலும் அப்படித்தான் வருகிறது. டாலினுடைய பையில் இருந்தது ஆரஞ்சு நிறம். அவர்கள் செய்துகொண்ட ஏற்பாட்டில் ஏதோ ஒன்று அவளை இடறியது. என்னவென்று நின்று பார்க்கவில்லை.

உள்ளே நுழைந்ததும் வெயில் அறுந்தது. இரண்டு பக்கமும் சுவர்கள் அலை அலையாக வளைந்து, மேலே ஒரு வெளிறிய நூலாகத்தான் வானம் தெரிந்தது. அந்த நூலிலிருந்து ஒழுகிய வெளிச்சம் பாறைக்குப் பாறை தாவி இறங்கி வருவதற்குள் ஆரஞ்சாகி, சிவப்பாகி, கடைசியில் ஈரலின் நிறத்தில் அவள் கைமேல் விழுந்தது. தண்ணீர் சுழன்று சுழன்று செதுக்கிய பாறை. மரச்செதுக்கைத் தடவுவதுபோல் வழுக்கலாக, குளிர்ச்சியாக இருந்தது. தன் மூச்சும், பை பாறையில் உரசுவதும், காலடியில் மணல் நெரிபடுவதும் காதுக்கு மிக அருகில், தலையணைக்குள் முகம் புதைத்துக்கொண்டு கேட்பதுபோல் கேட்டன. இரண்டாவது திருப்பத்தில் நின்று கை தட்டிப் பார்த்தாள். தட்டிய சத்தம் விரல் நுனியிலேயே செத்துவிழுந்தது.

மூன்றாவது திருப்பம். நான்காவது. அறை எதுவும் இல்லை.

ஒரு வாசனை வந்தது. ஈரச் சேறு. பல வாரங்களாக மழை இல்லாத இடத்தில் ஈரச் சேறு. சுவரைத் தொட்டாள். முழங்கால் உயரம் வரைக்கும் நனைந்திருந்தது. சென்ற ஆண்டு வெள்ளம் அப்பிவிட்டுப்போன வண்டல், வந்த வழியெல்லாம் பாறைமேல் விரல்தடிமனுக்குப் பூசிக் காய்ந்து கிடந்தது. இங்கே அது காய்ந்திருக்கவில்லை.

திரும்பிவிடலாம் என்று நினைத்தாள். அப்போதுதான் வெளியே வெர்ல் பொறுமை இழந்து ஊதினார். தூரத்தில், மங்கலாக, தக்கை உருண்டையின் நடுக்கத்தோடு. கிர்ர்ர். ஒன்று. நலமா?

பதில் அவளுக்கு முன்னால், அடுத்த திருப்பத்திலிருந்து வந்தது.

இரண்டு. வழவழப்பாக. அருகில்.

ஜெனலி அசையவில்லை. அந்த ஒலி அவளுக்குத் தெரியும். பையை வாங்கிய அன்று சமையலறையில் அவன் அதை ஊதி ஊதிப் பார்த்தான். ஆரஞ்சுப் பூட்டு. உருண்டை இல்லாத விசில். "வெளிய போய் ஊதுடா, நாய் ஓடிடும்" என்று அவள்தான் கத்தினாள்.

"டாலின்?"

குரலைப் பாறை தின்றது.

ஓட வேண்டும் என்று உடம்பு சொன்னது. அவள் முன்னால் நடந்தாள். பயம் இல்லாமல் இல்லை. பயம் கழுத்து வரை இருந்தது. ஆனால் ஓராண்டாக அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதற்கு ஒரு திசையிலிருந்தும் பதில் வந்ததில்லை. இப்போது ஒரு திசை இருந்தது.

திருப்பத்துக்கு முன் தரை பளபளத்தது. ஒரு காலை வைத்தாள். தரை தயிர்போல் நடுங்கியது. அடுத்த காலையும் வைத்த பிறகுதான் புரிந்தது.

புதைமணல் ஆளை விழுங்குவதில்லை. அதில் மணல்துகள்களுக்கு நடுவே தண்ணீர் நிறைந்திருக்கும், அதனால் துகள்கள் ஒன்றையொன்று தாங்காமல் மிதந்துகொண்டிருக்கும். கால் பட்டதும் அவை இடம் மாறி, காலைச் சுற்றி இறுகிப் படிந்துவிடும். வெடுக்கென்று இழுத்தால் காலுக்கு அடியில் வெற்றிடம் உண்டாகி, அது திரும்ப உள்ளே உறிஞ்சும். மெதுவாக ஆட்டி, தண்ணீரை உள்ளே விட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் எடுக்க வேண்டும். நேரம் இருந்தால் எடுத்துவிடலாம். கூட ஒருவர் இருந்தால் சுலபம்.

முழங்காலுக்கு மேல் இறங்கியிருந்தது. அவள் மெதுவாக ஆட்டினாள். வலது கால் ஒரு அங்குலம் வந்தது. இடது கால் ஒரு அங்குலம் போனது.

அப்போது திருப்பத்தைச் சுற்றி ஏதோ ஊர்ந்து வந்தது. தட்டையாக, நாக்குபோல். தண்ணீர். ஓசையே இல்லை. நுனியில் பழுப்பு நுரை, நுரைமேல் ஜூனிபர் மரத்தின் இலைத்துணுக்குகள், ஒரு பூச்சி. பாறைமேல் விழும் மழையை உறிஞ்ச மண் கிடையாது, விழுந்ததெல்லாம் ஓடும், ஓடுவதெல்லாம் ஒரு பிளவைத் தேடும். பொத்தான் அளவு மேகம் போதும். முதலில் இந்த நாக்கு வரும். உடம்பு பின்னால் வரும்.

நாக்கு அவள் காலை நக்கியது. பனி உருகிய குளிர்.

"வெர்ல்!"

தலையணைக்குள் கத்தியதுபோல்.

மார்புப் பூட்டைப் பல்லால் கவ்வினாள். ஊதினாள். ஒன்று. இரண்டு. மூன்று.

காத்திருந்தாள்.

மூன்று ஊதினாள். மூன்றுதான் கேட்டது. நான்காவது இல்லை. சுவர் எதையும் திருப்பித் தரவில்லை. ஒரு துளிகூட.

உள்ளே நுழையும் முன் இடறியது என்னவென்று இப்போது தெரிந்தது.

வெளியே, மரத்தடியில், வெர்ல் மூன்று கேட்டிருப்பார். அவர்கள் பேசிவைத்தபடியே மூன்று. ஒன்று ஜென், மிச்சம் ரெண்டு சுவர். அறை இருக்கிறது. கணக்கு முடிந்தது. ஓராண்டு அவர் நெஞ்சில் இருந்த பாறை இறங்கியிருக்கும்.

பதில் வந்தது.

கிர்ர்ர்ர்ர். நீளமாக. சந்தோஷமாக. ஒன்று.

"இல்ல" என்றாள். "இல்ல, வெர்ல்."

மறுபடி மூன்று ஊதினாள். மறுபடி ஒன்று வந்தது. இன்னும் நீளமாக. விளையாட்டாக, கடைசியில் ஒரு சின்ன வளைவோடு. இத்தனை நாளில் அவர் அப்படி எதையும் செய்ததில்லை.

தண்ணீர் தொடை வரை. எங்கோ உள்ளே, ஆழத்தில், ஒரு லாரி கியர் மாற்றுவதுபோல் ஓர் உறுமல்.

அவள் கண் திருப்பத்தின் சுவரில் நின்றது. வண்டல் அங்கே தடிமனாக இருந்தது. பாறை புடைத்திருக்கிறது என்று நினைத்திருந்தாள். பாறை இல்லை. தோள் உயரத்தில் தோள். சாய்ந்த தலை. சுவருக்கும் சுவருக்கும் நடுவே இறுகி, பூசி, பூசி, சுவரின் நிறமே ஆன ஒன்று. வாய் இருக்க வேண்டிய இடத்தில், சேற்றுக்குள், ஆரஞ்சுப் பொட்டு.

வெளியே வெர்ல் மீண்டும் ஊதினார். ஒன்று.

ஆரஞ்சுப் பொட்டைச் சுற்றி ஈரச் சேறு மெல்ல உப்பியது. குமிழி. உடைந்தது. வழவழப்பான ஓர் ஒலி.

மீண்டும் குமிழி. உடைந்தது. இரண்டு.

அப்பாவுடைய ஒன்று. அவனுடைய இரண்டு. மூன்று.

அவன் இன்னும் உதவிதான் கேட்டுக்கொண்டிருந்தான். இந்தப் பிளவில் எதிரொலி கிடையாது. மூன்று ஊதினால் மூன்றுதான் கேட்கும்.